பில் ஜீரோ ஆக வேண்டும் என்று சோலார் அளவு பார்க்காதீர்கள்

வீட்டில் சோலார் போடப்போகிறேன், எத்தனை கிலோவாட் போடலாம் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கடைசி ஆறு ஈபி ரீடிங் எத்தனை எத்தனை? ரூபாய் வேண்டாம், யூனிட் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால் ஆறு ரீடிங் இருந்தால் ஒரு முழு வருஷம் கைக்கு வந்துவிடும். அதில் சித்திரை வெயிலும் இருக்கும், ஐப்பசி மழையும் இருக்கும், பேரன் பேத்திகள் லீவுக்கு வந்து விடிய விடிய ஏசி ஓடிய மாதமும் இருக்கும். ஆனால் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் அதை எடுத்துப் பார்க்காமலேயே மூன்றா ஐந்தா என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டுத்தான் வருகிறார்கள். பக்கத்து வீட்டில் மூன்று போட்டிருக்கிறார்கள், நம் மாடியில் இடம் நிறையக் கிடக்கிறது, கொட்டேஷன் கொடுத்தவர் ஐந்து போட்டால் பில்லே வராது என்று சொல்லிவிட்டார், இப்படித்தான் அளவு முடிவாகிறது. லட்சக்கணக்கில் காசு போகிற விஷயம், இருபத்தைந்து வருஷம் தலைக்கு மேல் நிற்கப்போகிற பொருள். அதை இப்படி முடிவு செய்வதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

முதலில் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் தரும். மாசி பங்குனியில் வானம் தெளிந்து கிடக்கும் நாட்களில் ஐந்தைத் தொடும், வடகிழக்குப் பருவமழை விடாமல் பிடித்துக்கொள்ளும் வாரத்தில் இரண்டுக்கும் கீழே இறங்கும், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வருஷத்துக்கு 1400 முதல் 1500 யூனிட். இரண்டு மாத பில் கணக்கில் சொன்னால் ஒரு கிலோவாட்டுக்கு 240 யூனிட். இனி வரும் கணக்கெல்லாம் இந்த 240-ஐ வைத்துத்தான்.

இரண்டாவது, நெட் மீட்டர். பகலில் பேனல் தருவதில் வீட்டுக்குப் போக மிச்சம் லைனுக்குப் போய்விடுகிறது, ராத்திரி லைனிலிருந்து எடுத்துக்கொள்கிறோம், போனதையும் வந்ததையும் மீட்டர் தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறது, கழித்து வரும் மிச்ச யூனிட்டுக்குத்தான் பில். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பலரும் கவனிக்காமல் விடுவது, அந்த மிச்ச யூனிட்டுக்கும் அதே ஸ்லாப் முறையில்தான் விலை போடுகிறார்கள் என்பதை. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டில் சோலார் அளவு முடிவு செய்வதற்கு இது ஒன்றைப் புரிந்துகொண்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

ஸ்லாப் எப்படி என்று பார்ப்போம். 2016-லிருந்து வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நிறுத்தினால் 101 முதல் 200 வரை பாதி விலை, யூனிட் இரண்டே கால் இரண்டரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் 400 வரைக்கும் நாலே முக்கால் ரூபாய்க்குக் கிட்ட, 500 வரைக்கும் ஆறரைக்குக் கிட்ட. 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதி விலைச் சலுகை போய்விடும், அதோடு 501-லிருந்து எட்டரை, 601-லிருந்து ஒன்பதரை, 801-லிருந்து பத்தரை, 1000-க்கு மேல் பதினொன்றரை என்று ஏறிக்கொண்டே போகும். பைசா சுத்தமாக வேண்டுமென்றால் உங்கள் பில்லிலேயே இருக்கிறது, நான் கணக்கு புரிவதற்காக முழுசாக்கிச் சொல்கிறேன்.

அதாவது நம் வீட்டின் முதல் 100 யூனிட் சும்மா கிடைக்கிறது, கடைசி 100 யூனிட்டுக்கு யூனிட் பத்து ரூபாய் என்று கொடுக்கிறோம். சோலார் வெட்டுவது எப்போதும் மேலே இருந்துதான். முதல் கிலோவாட் விலை கூடிய யூனிட்டை வெட்டும், அடுத்தது கொஞ்சம் விலை குறைந்ததை வெட்டும், கடைசியாக நீங்கள் ஆசைக்குக் கூட்டிப் போடும் கிலோவாட் இருக்கிறதே, அது அரசாங்கம் ஏற்கெனவே இலவசமாகத் தருகிற யூனிட்டைத்தான் வெட்டும். இலவசமாகக் கிடைப்பதைத் தவிர்க்க அறுபதாயிரம் எழுபதாயிரம் செலவு செய்ய வேண்டியதில்லை.

மதுரையில் இருக்கும் எங்கள் சித்தப்பா வீட்டுக் கணக்கை அப்படியே சொல்கிறேன், அப்போது விளங்கும். சித்தப்பா ரிட்டையர் ஆனவர், சித்தி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகன், எனக்குத் தம்பி. ஒரு ஏசி, ஐந்து பழைய ஃபேன், ஃபிரிட்ஜ், கிரைண்டர், போர் மோட்டார். கொட்டேஷனை நீட்டிக்கொண்டே கேட்டார்: “ஏப்பா, அஞ்சு கிலோவாட்டா போட்டுட்டா பில்லே வராதுங்கிறாங்களே, போட்டுரலாமா?” நான் ஈபி கார்டைக் கேட்டேன். “அது எங்க கிடக்கோ, எல்லாம் இப்ப போன்லதானே கட்டுறான் தம்பி” என்றார். சித்தி பூஜை அலமாரி டிராயரிலிருந்து கார்டை எடுத்துவந்து தந்தார். அதில் கடைசி வருஷத்து ரீடிங் ஒழுங்காக இல்லை, தம்பி மின்வாரிய இணையதளத்தில் போய் எடுத்துக் கொடுத்தான். கோடையில் 900, அதற்கடுத்து 780, அப்புறம் 640, 560, 480, 520. வருஷத்துக்கு மொத்தம் 3880 யூனிட்.

இப்போது அந்தக் கோடை 900-ஐ மட்டும் எடுங்கள். சோலார் இல்லாமல் பில் ஏறக்குறைய 5900 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டால் 240 கழிந்து 660-க்குத்தான் பில், அது 3500 ரூபாய்க்குக் கிட்ட வந்துவிடும், ஆக முதல் கிலோவாட் ஒரே பில்லில் 2400 மிச்சம் பிடிக்கிறது. இரண்டாவது கிலோவாட் போட்டால் 420 யூனிட், 500-க்குள் வந்துவிட்டதால் பாதி விலைச் சலுகையும் திரும்பிவிடுகிறது, பில் 1300-க்கு வந்து நிற்கும், இரண்டாவதும் 2100-க்கு மேல் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. மூன்றாவது போட்டால் 180 யூனிட், பில் 200 ரூபாய்க்குக் கிட்ட, மிச்சம் 1100. நாலாவது? பில் 200-லிருந்து ஜீரோவுக்கு வரும். அவ்வளவுதான். அதுவும் வருஷத்திலேயே பில் கூடின இரண்டு மாதத்தில். மற்ற மாதங்களில் மூன்றாவது கிலோவாட்டுக்கே பெரிதாக வேலையில்லை, ஏனென்றால் 520 யூனிட் வரும் பில்லில் இரண்டு கிலோவாட்டே 480-ஐக் கழித்துவிடுகிறது, மிச்சம் 40 யூனிட் இலவசக் கணக்கில் போய்விடுகிறது.

ஐந்து கிலோவாட் என்றால் வருஷத்துக்கு 7200 யூனிட் வரும். வீட்டுச் செலவோ 3880. இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மிஞ்சுவது அடுத்த பில்லுக்கு வரவாகப் போகும் என்பது உண்மைதான், ஆனால் அந்த வரவு பன்னிரண்டு மாதக் கணக்குக்குள்தான் செல்லும், அதன் முடிவில் மிஞ்சி நிற்கிற யூனிட்டுக்கு நாம் மேல் ஸ்லாப்பில் கொடுக்கும் விலையைப் போல் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்த மாதத்தில் கணக்கை மூடுகிறார்கள் என்பதை உங்கள் பிரிவு அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வீட்டு மாடியில் மின்சாரம் விளைவித்து வாரியத்துக்கு விற்கலாம் என்ற எண்ணத்தில் அளவைக் கூட்டுவது வீட்டுக்காரருக்கு லாபமில்லை, அதை நான் திட்டவட்டமாகவே சொல்வேன்.

மானியமும் இதே பக்கம்தான் சாய்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்த பிஎம் சூரிய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக ஒன்றுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. நாலு போட்டாலும் ஐந்து போட்டாலும் அதே 78,000தான். கணக்கு போட்டவர்கள் தெளிவாகவே போட்டிருக்கிறார்கள்: கிலோவாட்டுக்கு 50,000 என்று வைத்து முதல் இரண்டுக்கு அதில் 60 சதவீதம், மூன்றாவதுக்கு 45,000 என்று வைத்து அதில் 40 சதவீதம். சந்தையில் அந்த விலைக்குக் கிடைப்பதில்லை, நம் பக்கம் கிலோவாட்டுக்கு அறுபது எழுபது ஆயிரம் என்றுதான் கொட்டேஷன் வருகிறது, மானியம் வேண்டுமென்றால் சோலார் செல், அதைக் கோத்துச் செய்யும் பேனல் இரண்டும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருப்பதால் விலை கொஞ்சம் கூடத்தான் செய்கிறது. எப்படிப் பார்த்தாலும் நாலாவது கிலோவாட்டுக்கு முழுக்காசும் நாம்தான் போடுகிறோம், சித்தப்பா வீடு மாதிரி வீட்டில் அதிலிருந்து வருவதோ எல்லாவற்றிலும் குறைவு. ஐந்து கிலோவாட்டுக்கு மானியம் போகக் கையிலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல், இரண்டு கிலோவாட்டுக்கு எழுபது எண்பது ஆயிரம். மிச்சம் பிடிப்பது இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வருஷத்துக்கு இருபதாயிரத்தை ஒட்டி. ஏனென்றால் இருபதாயிரம்தான் அந்த வீட்டின் மொத்த வருஷ பில்லே, அதற்கு மேல் எதை மிச்சம் பிடிப்பது!

இதைச் சொல்வதால் ஐந்து கிலோவாட்டே கூடாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று ஏசி ஓடும் கூட்டுக்குடும்ப வீடு, ஒவ்வொரு பில்லும் 1500, 1600 யூனிட் என்று வருகிறது என்றால் அங்கே ஐந்தாவது கிலோவாட்டும் நல்ல விலையுள்ள யூனிட்டைத்தான் வெட்டும், மானியம் இல்லாமலேயே காசு திரும்பிவிடும். 400 யூனிட்டுக்குள் முடிகிற சின்னக் குடும்பத்துக்கு ஒரு கிலோவாட்டே தாராளம், சில வீடுகளில் அதுகூட அவசரமில்லை. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டைத் தாண்டாத வீடு என்றால் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். சுருக்கமாக ஒரு வழி சொல்கிறேன்: ஆறு ரீடிங்கையும் கூட்டுங்கள், இலவச யூனிட் 600-ஐக் கழியுங்கள், மிச்சத்தை 1450-ஆல் வகுங்கள். வருகிற எண்தான் மேல் வரம்பு. அதற்கு மேல் போகாதீர்கள், கொஞ்சம் கீழே நின்றாலும் நஷ்டமில்லை. சித்தப்பா வீட்டுக்கு 2.26 வந்தது.

இங்கேதான் பேனல் விற்பவர் யாரும் சொல்லாத ஒரு விஷயம் வருகிறது. சோலார் போடுவதற்கு முன்னால் வீட்டு ஃபேனைப் பாருங்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி ஃபேன், அதாவது கரண்ட் குறைவாக எடுக்கும் புது வகை மோட்டார் உள்ள ஃபேன், 30 வாட்டில் அதே காற்று தரும். ஃபேனுக்கு 45 வாட் மிச்சம், ஐந்து ஃபேன், மதுரை வெயிலில் ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள், நாளுக்கு மூன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக, இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். ஒரு கிலோவாட் சோலார் தருவது 240. ஃபேன் ஒன்று மூவாயிரம் என்று வைத்தாலும் ஐந்துக்குப் பதினைந்தாயிரம். ஒரு கிலோவாட் பேனலுக்கு அறுபதாயிரத்துக்கு மேல். இடமும் வேண்டாம், நெட் மீட்டரும் வேண்டாம், எலக்ட்ரீஷியன் ஒரு மத்தியான நேரத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். சித்தப்பா வீட்டில் இதை முதலில் செய்யச் சொன்னேன். கோடை 900 என்பது 700 சொச்சத்துக்கு இறங்கினால் இரண்டு கிலோவாட் போட்ட பிறகு பில்லில் நிற்பது 240 யூனிட், நானூறு ரூபாய்க்குக் கிட்டத்தான் வரும். மூன்றாவது கிலோவாட்டின் வேலையை ஃபேனே செய்துவிட்டது.

பதினைந்து வருஷப் பழைய ஃபிரிட்ஜ், எப்போதும் சார்ஜ் ஆகிக்கொண்டே கிடக்கும் நைந்துபோன இன்வெர்ட்டர் பேட்டரி, இவையும் இப்படித்தான். ராத்திரி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள்.

சரி, நாளைக்குச் செலவு கூடினால்? நியாயமான கேள்வி, சித்தப்பாவும் அதைத்தான் கேட்டார். “தம்பிக்குக் கல்யாணம் ஆனா மேல ரூமுக்கு ஒரு ஏசி வேணும்ல?” வேண்டும்தான். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட் சுமாருக்கு எடுக்கும், இரண்டு மாதத்துக்கு 360. அது ஒன்றரை கிலோவாட் சோலாருக்குச் சமம். ஆனால் எல்லாரும் பயப்படும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் அப்படி இல்லை, தினம் முப்பது கிலோமீட்டர் ஓட்டினாலும் நாளுக்கு ஒரு யூனிட்டை ஒட்டித்தான் ஆகும். இண்டக்ஷன் அடுப்பில் இரண்டு வேளை சமைத்தால் இரண்டு யூனிட். ஆக அளவைக் கூட்டும் தகுதி ஏசிக்குத்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் சில்லறை. என் கருத்து, ஒன்றிரண்டு வருஷத்துக்குள் நிச்சயம் வரப்போகிற ஏசி என்றால் இப்போதே சேர்த்துப் போட்டுவிடுங்கள், ஏனென்றால் பின்னால் கூட்டுவது என்றால் மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் ஆய்வு, அதே மாடல் பேனல் அப்போது கிடைக்காது, வேறு வாட் பேனலை ஒரே வரிசையில் கோர்த்தால் குறைந்ததுதான் கூடினதையும் இழுத்துப் பிடிக்கும். எப்போதாவது வரலாம் என்கிற ஏசிக்காக இன்றைக்கே காசைப் போட்டு வைக்க வேண்டாம். நடுவழி ஒன்று உண்டு: பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டரை ஒரு படி பெரிதாக வாங்கிவிட்டு, ஸ்டாண்டில் இரண்டு பேனலுக்கு இடம் விட்டு வைப்பது. சித்தப்பாவுக்கு அதைத்தான் சொன்னேன். 540 வாட் பேனல் நாலு, மூன்று கிலோவாட் இன்வெர்ட்டர்.

இன்வெர்ட்டர் என்றதும் ஒரு விஷயம். பின்னால் அந்த இரண்டும் சேர்ந்து ஆறு பேனல் ஆனால் மொத்தம் 3.24 கிலோவாட், இன்வெர்ட்டர் மூன்றுதானே, ஏமாற்றுகிறார்களா என்று கேட்கிறார்கள். இல்லை, அது சரியான முறைதான். பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் 540 வாட் என்பது செல் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் ஊர் மொட்டை மாடியில் சித்திரை மத்தியானம் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். 25-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் பேனலின் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறைகிறது, 35 டிகிரி கூடினால் பன்னிரண்டு சதவீதம் சுளையாகப் போய்விடும். தூசு, வயர் இழப்பு, இன்வெர்ட்டர் இழப்பு எல்லாம் சேர்த்தால் மூன்று கிலோவாட் அமைப்பு உச்சி வெயிலில் 2.4, 2.5 காட்டினாலே நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். வெயில் கூடினால் கரண்ட் கூடும் என்று நினைத்து மே மாதம் போனில் சோலார் ஆப்பைப் பார்த்து ஏமாந்துபோகிறவர்கள் நிறைய. வெளிச்சம்தான் வேண்டும், சூடு வேண்டாம். அதனால்தான் பேனலைத் தளத்தோடு ஒட்டிப் படுக்கவைக்காமல் கீழே காற்றுப் போக இடம் விட்டு நிறுத்த வேண்டும்.

இப்போது மாடிக்குப் போவோம். காகிதத்தில் வந்த கிலோவாட்டை மாடி ஒத்துக்கொள்ள வேண்டும். 540 வாட் பேனல் ஒன்று ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், எடை முப்பது கிலோவுக்குக் கிட்ட. நாலு பேனலுக்கு 112 சதுர அடி, துடைக்கவும் சுற்றி வரவும் வழி விட்டால் 160, 180 ஆகிவிடும். இடம் இருக்கிறதா என்பதைவிட நிழல் இல்லாத இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பேனல்களைத் தொடராகக் கோர்ப்பதால் ஒன்றின் மேல் விழும் நிழல் அந்த ஒன்றோடு நிற்காமல் போகலாம். ஒவ்வொரு பேனலுக்குள்ளும் மூன்று பைபாஸ் டையோடு வைத்திருப்பார்கள், நிழல்பட்ட பகுதியைத் தாண்டிக் கரண்ட் போவதற்கு, அப்படியும் ஒரு தண்ணீர்த் தொட்டியின் நிழல் மூலையில் விழுந்தாலே அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

சித்தப்பா வீட்டு மாடியில் நானும் தம்பியும் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு ஏறினோம். காலை ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டு, மூன்று மணி, மூன்று வேளையும் தொட்டி நிழல், படிக்கட்டு அறை நிழல், பக்கத்து வீட்டுத் தென்னை நிழல், கைப்பிடிச் சுவர் நிழல் என்று எல்லாவற்றையும் தட்டோட்டின் மேல் கோடு போட்டோம். பார்க்கப் பெரிதாக இருந்த மாடியில் மூன்று வேளையும் வெயில் நிற்கும் இடம் நடுவில் ஒரு நீளச் சதுரம்தான். மேற்கே இருந்த தென்னையின் மட்டை நிழல் மூன்று மணிக்கெல்லாம் வடமேற்கு மூலைக்கு வந்துவிட்டது. கொட்டேஷன் கொடுத்தவர் வரைபடத்தில் அந்த மூலையில்தான் இரண்டு பேனல் போட்டிருந்தார், ஐந்து கிலோவாட் கொள்ள வேண்டுமே, அதற்காக. நாலு பேனல் அந்த நடுச் சதுரத்தில் வசதியாக நின்றது.

இதில் பலரும் தவறவிடுவது வடக்குப் பக்கம். பேனலைத் தெற்குப் பார்த்துப் பத்து டிகிரி சுமாருக்குச் சாய்த்து வைக்கிறோம், ஆகவே தெற்கே மறைப்பு இல்லாவிட்டால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். மதுரையில் சித்திரை தொடக்கத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்துவிட்டு, அதற்கப்புறம் ஆவணி பத்துத் தேதி வரைக்கும் உச்சி வேளையில் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். அந்த நாலு மாதமும் நிழல் தெற்குப் பக்கம் விழும். வடக்கே பேனலை ஒட்டி உயரமான படிக்கட்டு அறையோ, பக்கத்து வீட்டு இரண்டாம் மாடியோ இருந்தால் ஆனி, ஆடியில் தெரியும். மார்கழியில் தெற்குப் பக்கச் சுவர் நிழல் நீளும், ஆனியில் வடக்குச் சுவர். சாக்பீஸ் கோட்டை ஒரே ஒரு பருவத்தில் போட்டால் போதாது, முடிந்தால் இரண்டு பருவம் பாருங்கள், முடியாவிட்டால் இப்போதெல்லாம் சூரியன் போகும் பாதையைக் காட்டும் ஆப் இருக்கிறது, அதைப் போனில் பிடித்துக்கொண்டு மாடியில் நின்று பாருங்கள். பக்கத்துக் காலி மனையில் வீடு எழும்பப் போகிறதா என்றும் விசாரித்து வையுங்கள்.

ஸ்டாண்டைப் பற்றி ரொம்ப நீட்டவில்லை. துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு, காற்றுக்குத் தாங்கும் அடித்தளம். 2016-ல் வர்தா சென்னையிலும் 2018-ல் கஜா டெல்டாவிலும் என்ன செய்துவிட்டுப் போனது என்பதை மறந்துவிட்டுக் கொட்டேஷனில் அங்கே காசு குறைக்காதீர்கள். மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ், தட்டோடு பதித்த தளம் என்றால் துளை போட விடவே விடாதீர்கள், கான்கிரீட் கட்டை வைத்து அதன்மேல் நிறுத்தச் சொல்லுங்கள். துடைப்பதற்கு உப்பு கூடிய போர் தண்ணீரை ஊற்றி வெயிலில் காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகப் படிந்துவிடும், அதிகாலையில் கழுவி உடனே வழித்துவிட வேண்டும்.

அப்புறம் கரண்ட் கட். இது அளவோடு நேராகச் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லைதான், ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் பெரிய அளவு போட்டால் கரண்ட் கட்டிலும் ஏசி ஓடும் என்று நம்பி ஐந்து போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் சாதாரண ஆன்-கிரிட் அமைப்பு, லைனில் கரண்ட் போன மறு நொடி தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு நம் மாடியிலிருந்து கரண்ட் போய் ஷாக் அடிக்கக் கூடாது, அதற்காக வைத்த பாதுகாப்பு. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்துவார்களே, அன்றைக்கு எத்தனை கிலோவாட் இருந்தாலும் சும்மாதான் நிற்கும். கரண்ட் கட்டுக்குத் தீர்வு பேட்டரி, அதன் அளவு தனிக் கணக்கு. பேனல் அளவை ஈபி ரீடிங்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள், பேட்டரி அளவைக் கரண்ட் இல்லாத நேரத்தில் எது எது ஓடியே ஆக வேண்டும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். நாலு பிஎல்டிசி ஃபேன், ஐந்தாறு லைட், வைஃபை, ஒரு லேப்டாப் எல்லாம் சேர்ந்தே 250 வாட்டுக்குள்தான், நாலு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் 150 ஏஎச் பேட்டரி இன்வெர்ட்டர் இதற்குப் போதும். அதற்காக ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்து பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் அமைப்பு போட வேண்டியது, கரண்ட் நிறையப் போகிற கிராமத்து லைனில் இருப்பவர்களும், வீட்டில் ஆக்சிஜன் மெஷின் மாதிரி நிற்கவே கூடாத கருவி வைத்திருப்பவர்களும்தான் என்பது என் எண்ணம்.

சாங்ஷன் லோடு, அதாவது நம் இணைப்புக்கு வாரியம் அனுமதித்திருக்கும் கிலோவாட், அதைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வீடுகளில் ஒன்று, ஒன்றரை கிலோவாட் என்றுதான் பதிந்திருக்கும், அதனால் மூன்று போட முடியாது என்று சொல்லி அலைக்கழிப்பதைக் கேட்கிறேன். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. 10 கிலோவாட் வரைக்கும் முழுமையான விண்ணப்பம் கொடுத்தால் தனியாகத் தொழில்நுட்ப ஆய்வு இல்லாமல் ஏற்றதாகவே கொள்ள வேண்டும், தேவையான அளவுக்குச் சாங்ஷன் லோடையும் சேர்த்து உயர்த்திக்கொடுக்க வேண்டும், 5 கிலோவாட் வரைக்கும் லைனைப் பலப்படுத்தும் செலவும் விநியோக நிறுவனத்துடையது என்று அதில் இருக்கிறது. பேசும்போது இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி சர்வீஸ் இருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். சாதாரண நெட் மீட்டரில் சோலார் ஒரு சர்வீஸோடுதான் சேரும். இரண்டு கார்டின் யூனிட்டையும் கூட்டி அளவு பார்த்தால் கணக்கு கெட்டுவிடும், ஏனென்றால் ஒன்றில் மிஞ்சுவது இன்னொன்றுக்குப் போகாது. எந்த சர்வீஸ் அடிக்கடி 500-ஐத் தாண்டுகிறதோ அதில் போடுங்கள், அதன் யூனிட்டை மட்டும் வைத்து அளவு பாருங்கள், வாடகைக்கு விட்டிருக்கும் மாடி 300-க்குள் நிற்கிறது என்றால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். அபார்ட்மென்ட் என்றால் மொட்டை மாடி எல்லாருக்கும் பொது, அங்கே லிஃப்ட், மோட்டார், பொது லைட்டுக்கான இணைப்புக்குச் சங்கமாகச் சேர்ந்து போடுவதற்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் அதே திட்டத்தில் இருக்கிறது. அதற்கும் அளவு பார்க்கும் வழி இதேதான், சங்கத்தின் பொது மீட்டர் ரீடிங் ஆறு. செயலாளரிடம் அந்த ஆறு பில்லையும் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் கொட்டேஷன்காரரைக் கூப்பிடச் சொல்லுங்கள், முன்னால் கூப்பிட்டால் மாடி அளவுக்குத்தான் கொட்டேஷன் வரும்.